வியாழக்கிழமைத் துண்டு

எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஒரு கம்பி தொங்கும். முனையைக் கூராக்கி மேல்நோக்கி வளைத்த கம்பி. கட்டிமுடித்த பில்களின் துண்டுகளை அம்மா அதில் குத்தி வைப்பாள். லைட் பில், தண்ணீர் பில், வீட்டு வாடகை எதுவானாலும் கட்டியதற்கு ஒரு துண்டு வேண்டும், அந்தத் துண்டு கம்பியில் ஏற வேண்டும். அதுவரை அந்தப் பில் அவள் மனதில் கட்டப்படாத பில்தான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவரை எங்களுக்குத் துண்டு என்பதே கிடையாது. அரிசி, மாவு, திருவிழாவுக்குத் தந்த முன்பணம் எல்லாவற்றையும் சம்பளத்தில் வெட்டிக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் தருவார்கள். எதற்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பதுளை டவுனுக்கு வந்த பிறகு முதல்முதலாக ஒரு பில்லைத் தானே கொண்டுபோய்க் கட்டி, முத்திரை குத்திய துண்டோடு அம்மா வீட்டுக்கு வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரீட்சை பாஸ் பண்ணியவள்போல இருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தோட்டத்து லயத்துக்கு, ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகளுக்கு, கரண்ட் வந்தது. குடும்பத்துக்கொரு அறை, அறைக்கொரு பல்பு, அவ்வளவுதான் அனுமதி. அடுப்பு போடக் கூடாது, இஸ்திரிப் பெட்டி கூடாது. போட்டது தெரிந்தால் அந்த வீட்டு இணைப்பை மட்டுமல்ல, லயத்துக்கே வெட்டிவிடுவோம் என்று, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொல்லியிருந்தார்கள். சொன்னால் விட்டுவிடுவோமா? மார்கழி மழையில் ஈர விறகை ஊதி ஊதி நெஞ்சு காய்ந்த பெண்கள் எல்லாரும் பசறைக் கடையில் சுருள் கம்பி அடுப்பு வாங்கிவிட்டார்கள்.

ஆகவே சோதனை வந்தது. தோட்டத்து ஆள் ஒருவர், நாங்கள் கரண்டு ஐயா என்போம், எந்த நேரத்திலும் வருவார். லயத்தின் முதல் வீட்டுக்காரி அவரைக் கண்டதும் முற்றத்தில் கோழி விரட்டுவதுபோல் உரக்கக் கத்துவாள். கோழியே இருக்காது. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா ஒரு கையால் பிளக்கைப் பிடுங்குவாள், மறு கையால் அடுப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள், அப்பா அதன்மேல் சாக்கைப் போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். ஐயா எட்டிப் பார்க்கும்போது அசதியில் தூங்கும் மனுசனும், அரிசி புடைக்கும் மனுசியும்தான் அங்கே இருப்பார்கள். ஒரு தடவை சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டியை என் உடுப்புப் பெட்டிக்குள் வைத்து, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டி கருகிவிட்டது. நான் அழுதேன். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார், "சட்டதான பாப்பா போச்சு. மாட்டிக்கலல்ல?"

எங்கள் வீடு ஒரு நாளும் மாட்டிக்கொண்டதில்லை. அதில் அவர்கள் இருவருக்கும் பெருமை.

அப்பா வேலை செய்தது ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சல்லடைக்குப் பக்கத்தில் நின்று முப்பது வருடம்போலத் தூளைச் சுவாசித்தவருடைய நெஞ்சு கடைசியில் காற்றை வாங்க மறுத்தது. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வாரத்துக்கொரு தடவை பஸ்ஸில் வந்துபோக முடியாமல் போனதும், டவுன் ஓரத்தில் படிகள் ஏறிப் போகும் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். வேறு வீடு அருகில் இல்லை. அதற்கு அடுத்த வருடம் எங்கள் மாதா கோயிலின் பங்குச் சுவாமி ஒரு மெசின் கொடுத்துதவினார். யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. கரண்டில் ஓடும். அறைக் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். அம்மா அதற்குக் காத்து மெசின் என்று பெயர் வைத்தாள். ஊதுகுழலால் அடுப்பை ஊதுகிறமாதிரி விட்டுவிட்டு ஒரு சத்தம் போடும். முதல் சில நாட்கள் அந்தச் சத்தத்தில் தூங்க முடியவில்லை. பிறகு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூங்க முடியாது என்று ஆகிவிட்டது. டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார், இது நின்றால் அதிக நேரம் தாங்க மாட்டார் என்று. கரண்ட் போகும் நேரத்துக்கென ஒரு சின்ன சிலிண்டரும் வைத்திருந்தோம்.

நான் அப்போது கொழும்பில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் வங்கிகள் இணையத்தில் பில் கட்டலாம் என்று பத்திரிகைகளில் பெரிதாக விளம்பரம் போட்டன. ஒரு பெண் சோபாவில் சாய்ந்துகொண்டு சிரிப்பாள், மடியில் கணினி. நான் அந்தச் சிரிப்பை நம்பினேன். நம்பக் காரணமும் இருந்தது. அம்மா லைட் பில் கட்டப் போனால் வரிசையில் அரை நாள் போய்விடும். அந்த அரை நாளும் அப்பா தனியாகக் கிடப்பார். அம்மா போனில் தொகையைச் சொன்னால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"துண்டு?" என்றாள் அம்மா.

"துண்டு தேவையில்லம்மா. கம்ப்யூட்டர்ல இருக்கும்."

"கம்ப்யூட்டர் கொழும்புல இருக்கு. கரண்டுக்காரன் பதுளையில இருக்கான். அவன் வந்து கேட்டா நான் எதக் காட்டுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டிக்காட்டுக் கேள்வி என்று நினைத்தேன். நான் படித்த படிப்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் அந்த விஷயத்தில் அதைவிடச் சரியான கேள்வி வேறொன்று இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

மாதங்கள் ஒழுங்காகத்தான் போயின. பில் எண்ணையும் தொகையையும் பதிந்து பொத்தானை அழுத்தினால் ஒரே நொடியில் என் கணக்கில் காசு குறைந்துவிடும். திரையின் அடியில் பொடி எழுத்தில் ஓர் அறிவித்தல் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு செய்யப்படும் கொடுப்பனவுகள் அடுத்த வேலை நாளில் செயன்முறைப்படுத்தப்படும். பெறுநரின் கணக்கில் சேர மேலும் வேலை நாட்கள் ஆகலாம். வாசித்திருக்கிறேன். வாசித்தவர்கள் எல்லாரும் செய்வதைப்போல அது வேறு யாருக்கோ எழுதியது என்று கடந்தும் போயிருக்கிறேன். எடுக்கும்போது நொடிக் கணக்கு, கொடுக்கும்போது வேலை நாள் கணக்கு என்று அலுவலகத்தில் கேலி பேசியதும் உண்டு.

அந்த வருடம் சித்திரை முழுக்க அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அந்த அலைச்சலில் ஒரு லைட் பில் கண்ணில் படாமலே போய்விட்டது. அடுத்து வந்தது சிவப்பு நோட்டீஸ். வியாழக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். அது வீட்டுக்காரர்களின் பில்களோடு கலந்து வியாழக்கிழமை காலையில்தான் அம்மாவின் கைக்கு வந்தது. உடனே கடைக்கு இறங்கிவந்து எனக்குப் போன் பண்ணினாள்.

"சிவப்புத் தாள் புள்ள. வெட்டிருவாங்களாம்."

"இன்னிக்கே கட்டிர்றேன். பயப்படாதீங்க."

எங்கள் அலுவலகத்தில் இணையம் இருந்த கணினி ஒன்றுதான், அது பெரியவரின் அறையில். மறுநாள் புத்தர் பிறந்த வெசாக் பண்டிகை விடுமுறை தொடங்குவதால் அவர் எல்லா வேலையையும் அன்றே முடித்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போன பிறகு, பின்னேரம் நான் கட்டினேன். "உங்கள் கொடுப்பனவு செயன்முறையில் உள்ளது" என்று திரை சொன்னது. காசு என் கணக்கிலிருந்து போயிருந்தது. அது போதும் என்று நினைத்து, பக்கத்தை அச்சடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை பதுளையில் இறங்கியபோது டவுன் முழுக்க வெளிச்சம். காகிதத்தில் கட்டிய வெசாக் விளக்குக் கூடுகள், மின்மினி பல்புகள், கடைத்தெருவில் நிறம் மாறி மாறி எரியும் பெரிய பந்தல். வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் வாசலில்கூட ஒரு கூட்டைக் கட்டி விளக்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இவ்வளவு கரண்ட் இந்த ஊரில் இருக்கிறது, எங்கள் வீட்டுக்கு மட்டும் பஞ்சமா வரப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் படியேறும்போது, மெசின் சத்தம் கேட்கிறதா என்றுதான் காது முன்னால் போயிற்று. கேட்டது.

அச்சடித்த தாளை அம்மாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முத்திரையக் காணோமே?"

"கம்ப்யூட்டர் முத்திரை குத்தாதும்மா."

"கட்டியாச்சுன்னு இதுல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. செயன்முறையில் உள்ளது என்றுதான் இருந்தது. நான் அதை அவளுக்கு வாசித்துக் காட்டி, விடுமுறை முடிந்ததும் போய்ச் சேர்ந்துவிடும் என்று விளக்கினேன். கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா, மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு மெல்லச் சிரித்தார்.

"அப்பிடின்னா அது எங்க தாத்தா கதைதான். அங்கேருந்து கெளம்பியாச்சு. இங்க இன்னும் பதியல."

அம்மா கூடச் சிரித்துவிட்டாள். எங்கள் ஆட்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி, பிறகு எத்தனையோ வருடங்கள் இந்த நாட்டுப் பிரசைகளும் இல்லை அந்த நாட்டுப் பிரசைகளும் இல்லை என்று கிடந்ததைத்தான் அவர் சொன்னார். அவர் பகிடியில் எப்போதும் இப்படி ஒரு முள் இருக்கும். அந்தத் தாளை அம்மா கம்பியில் குத்தவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் இடியோடு மழை வந்தது. வெசாக் பார்க்க வந்த சனம் கடைகளுக்குள் ஒதுங்கியிருக்கும். ஓர் இடி விழுந்தது, கரண்ட் போய்விட்டது. ஊதுகுழல் சத்தம் நின்றதும் வீட்டுக்குள் ஓர் அமைதி வந்தது பாருங்கள், வேறெந்த அமைதியையும் நான் அவ்வளவு வெறுத்ததே இல்லை. சிலிண்டரை மாட்டினோம். அப்பாவின் உதடு நிறம் மாறி, பிறகு பழையபடி வந்தது. கரண்ட் உடனே வரவில்லை. இருட்டும்வரை வரவில்லை. சிலிண்டரின் ஊசி சிவப்புக்குள் இறங்குவதை டோர்ச் அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவழியாகக் கரண்ட் வந்து மெசின் மூச்சுவிடத் தொடங்கியபோது சிலிண்டரில் ஒன்றும் மிச்சமில்லை. அதை நிரப்பும் கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.

ஞாயிறு பூராவும் மெசின் சத்தத்துக்கே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லாம் திங்கட்கிழமைக்குக் காத்துக்கொண்டிருந்தன. காசும், சிலிண்டரும், கரண்டுக்காரனும். திங்கட்கிழமை வராமலே இருந்தாலும் நல்லது என்று தோன்றியது.

திங்கள் காலையில் புறப்படும்போது அம்மாவிடம் சொன்னேன். "நான் பேங்குல ஒரு கடுதாசி வாங்கிட்டு, சிலிண்டரையும் நிரப்பிட்டு வந்திர்றேன். அதுக்குள்ள ஆள் வந்தா, மக காசு கட்டிட்டா, கடுதாசி வாங்கப் போயிருக்கா, கொஞ்சம் நில்லுங்கன்னு சொல்லுங்க."

"சொல்றேன் புள்ள. நீ வெரசா வா."

மெசினைக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குப் படவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் ஒன்றை வேறு தனியாகக் காட்டவா வேண்டும்?

வங்கியில் விடுமுறைக்குப் பிந்திய கூட்டம். ஒருவழியாக ஓர் அதிகாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த மீசை, பொறுமையான குரல். என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரையில் எதையோ தேடினார்.

"உங்கட காசு உங்கட கணக்கில இருந்து வியாழக்கிழமையே போயிட்டுது தங்கச்சி. ஆனா மின்சார சபையின்ர கணக்கில இன்னும் விழேல்ல."

"அப்ப இப்ப எங்க சேர் இருக்கு?"

"இடையில எங்கட கணக்கொண்டு இருக்கு. பில் கட்டுற எல்லாற்ற காசும் முதல் அதுக்குள்ளதான் வந்து நிக்கும். பின்னேரம் மூண்டு மணிக்கு அதை ஒரு கோப்பாக்கி அனுப்புவினம். நீங்க மூண்டு மணிக்குப் பிறகு கட்டியிருக்கிறியள். அந்தக் கோப்பு போயிட்டுது. அதுக்குப் பிறகு லீவு. உங்கடது இண்டைக்குத்தான் போகும். அவை அதை எடுத்துப் பதிய இன்னும் ஒரு நாள், ரெண்டு நாள் செல்லும்."

"என் காசு போய் நாலு நாளாச்சு. அது அங்க நின்னுக்கிட்டு என்ன பண்ணுது? வெசாக் பாக்குதா?"

கோபத்தில் கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதிகாரி கோபிக்கவில்லை. "எல்லா பேங்கும் இப்பிடித்தான் தங்கச்சி," என்றார். "ஆனா ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ. எப்ப பதிஞ்சாலும் நீங்க கட்டின திகதிதான் விழும். பிந்தினதெண்டு ஒரு சதம் கேக்க மாட்டினம்."

அதைச் சொல்லும்போது எனக்கு ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல் முகம் மலர்ந்தார். வீட்டில் நோயாளி இருக்கிறார், மெசின் ஓடுகிறது என்று சொன்னதும் அவசரமாக ஒரு கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார். மனேஜரின் கையெழுத்து வேண்டும். மனேஜர் ஒரு கூட்டத்தில் இருந்தார். நான் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது, தேநீர் போயிற்று, வெற்றுக் கோப்பைகள் திரும்பி வந்தன. கடைசியில் கையெழுத்து விழுந்தது. சிலிண்டரைப் பிறகு பார்க்கலாம், முதலில் கடிதத்தைக் கொடுத்துவிடுவோம் என்று ஓட்டோவில் வீட்டுக்கு விரைந்தேன்.

படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். மெசின் சத்தம் இல்லை.

அம்மா வீட்டுக்காரர்களின் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பூட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டே தட்டினாள். அவர்கள் வாசல் வெசாக் கூட்டில் பகலிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே மெசின் அறையின் நடுவில் நின்றது. அதன் மேல்பகுதியில் சாக்கு நார் ஒட்டியிருந்தது. பிளக் சுவரில் செருகியிருந்தது, சுவிட்சும் போட்டிருந்தது. அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். உதட்டைப் பார்த்தேன். கடிதத்தை எங்கே போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. ஓட்டோக்காரரும் நானும் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

ஓட்டோவில் அவர் தலை என் தோளில் கிடந்தது. அம்மா மறுபக்கம் இருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள், இடையிடையே அழுதாள். ஆள் வந்திருக்கிறான். கீழ்ப்படியில் நின்று "லைட்!" என்று கூப்பிட்டிருக்கிறான். அம்மா மகள் கட்டிவிட்டாள் என்றாளாம். துண்டு எங்கே என்று கேட்டானாம். சாமி படத்துக்குப் பின்னாலிருந்த தாளைக் காட்டினாளாம். இதில் முத்திரை இல்லையே என்றானாம். உள்ளே எட்டிப் பார்த்து, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா என்றும் கேட்டிருக்கிறான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்போது அப்பா தலையைக் கொஞ்சம் தூக்கினார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில், என் சின்ன வயதில் பார்த்த அதே கள்ளச் சிரிப்போடு சொன்னார்.

"மெசின... கட்டிலுக்கடியில தள்ளிட்டோம்ல. மாட்டிக்கல பாப்பா."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "லைட்!" என்ற குரல் கேட்டதும் அம்மா பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள். அப்பா தானே குழாயைக் கழற்றித் தலையணைக்கடியில் செருகியிருக்கிறார். இருவருமாக மெசினைத் தள்ளி, சாக்கைப் போட்டு மூடியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அவன் எட்டிப் பார்த்தபோது ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். கரண்டுக்காரன் வந்தால் ஓடிக்கொண்டிருப்பதை ஒளிக்க வேண்டும். அவர்களுடைய கைகளுக்குத் தெரிந்தது அதுதான். வயசான மனுசன், அசந்து தூங்குறாரு என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவன் கம்பத்தில் ஏணியைச் சாத்தியிருக்கிறான்.

எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. வந்ததை வரவில்லை என்று சொல்லமாட்டேன். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கோபத்தை அப்படியே எடுத்து வங்கிமேல் போட்டேன். வங்கி பெரியது, எவ்வளவு போட்டாலும் தாங்கும். அம்மா தாங்கமாட்டாள்.

பெரியாஸ்பத்திரியில் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை விடியும்போது அப்பா போய்விட்டார்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வீட்டில் கரண்ட் இல்லை. கோயிலிலிருந்து பெற்றோமெக்ஸ் விளக்கு வந்தது. மெழுகுதிரிகளைச் சுற்றி ஏற்றி வைத்தோம். தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்து வந்து, படிகளில் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் லைட் இல்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் விளக்கம் சொன்னேன். மூன்று மணி, கோப்பு, வேலை நாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. ஒரு கிழவர் மட்டும், "அப்ப காசு எங்கதான் தாயி நின்னுச்சு?" என்று திரும்பக் கேட்டார்.

புதன்கிழமை காலை, பெட்டி மூடுவதற்கு முன் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தோம். திடீரென்று தலைக்குமேல் பல்பு எரிந்தது. அதே நொடியில் அறை மூலையில் மெசின் ஒருதரம் குலுங்கி ஊதத் தொடங்கியது. திங்கட்கிழமை அம்மா பதறிப்போய்ப் போட்ட சுவிட்ச் அப்படியே கிடந்திருக்கிறது. ஜெபம் நின்றுவிட்டது. தரையில் கிடந்த குழாயின் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்தது. அந்த அறையில் அது தேவைப்பட்ட ஒருவர் பெட்டிக்குள் இருந்தார். அம்மா எழுந்து ஓடிப்போய்க் குழாயை எடுத்து, அதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் எங்களைப் பார்த்தாள். நான் போய் நிறுத்தினேன்.

வாசலில் அவன் நின்றான். காசு பதிந்துவிட்டது, திரும்ப இணைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வந்த பிறகுதான் படியடியில் சாவு வீட்டு வெள்ளைக்கொடியைக் கண்டிருக்கிறான். என் வயதுதான் இருக்கும். சிங்களப் பையன், தமிழ் கொஞ்சம் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டான். பிறகு மெசினைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, இது அன்னைக்கும் இருந்ததா?"

அம்மா தலையாட்டினாள்.

"ஏன் அம்மா எனக்குச் சொல்ல இல்ல? இது இருக்கிற வீடு நாங்க வெட்டுறது இல்ல தானே. கண்டா விட்டுட்டுப் போறது."

சொல்லிவிட்டு அவனே அழுதுவிட்டான். அவனை யாரும் திட்டவில்லை. அம்மா அவனுக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னாள். அவன் குடிக்கவில்லை, ஏணியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

முப்பதாம் நாள் பூசைக்கு மறுபடி வந்தபோது, அம்மா கேட்டிருந்ததால், வங்கியின் பக்கத்தைத் திரும்ப அச்சடித்துக் கொண்டுவந்தேன். இப்போது அதில் நிறைவேற்றப்பட்டது என்று தெளிவாக இருந்தது. அதற்குள் அடுத்த லைட் பில்லும் வந்திருந்தது. கிடைத்த கொடுப்பனவு என்ற இடத்தில் தொகையும், பக்கத்தில் திகதியும் போட்டிருந்தார்கள். அதிகாரி வாக்குத் தவறவில்லை. இரண்டிலும் நான் கட்டிய திகதிதான் விழுந்திருந்தது.

அம்மா கதவடியில் உட்கார்ந்திருந்தாள். மெசினைக் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தோம். கட்டிலடியில் சாக்கு மடித்து வைத்தபடி இருந்தது.

"என்னா கெழம போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"வியாழக்கெழமம்மா. வெசாக்குக்கு மொத நாளு."

"கெடு கொடுத்த நாளு."

"ஆமா."

"அப்ப நாம பிந்தல."

"பிந்தலம்மா."

அம்மா அச்சடித்த தாளை என் கையிலிருந்து வாங்கி, எழுத்துத் தெரிந்தவள்போல் விரலால் தடவினாள்.

"இந்தத் துண்டுப்படி பாத்தா திங்கக்கெழம யாரும் நம்ம வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது," என்றாள். "இந்தத் துண்டுப்படி பாத்தா உங்கப்பா இருக்கணும் புள்ள."

அம்மா எழுந்து கதவைச் சாத்தி, பின்னால் தொங்கிய கம்பியை இழுத்து, அந்தத் தாளை மற்றத் துண்டுகளுக்கு மேலே குத்தி வைத்தாள்.